பத்துமலையில் மாறிய மொட்டை

என் தம்பி அய்யாவுவிடம் "பிள்ளைங்க சுகமா?" என்று கேட்பவர்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பது நல்லது. மூத்தவன் பரமேஸ்வரனுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. கிளாங் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மேலாளராக இருக்கிறான். இளையவன் குகன் ஸ்ரீ கெம்பாங்கானில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். இந்த விவரம் எதுவும் அய்யாவுவின் பதிலில் வராது. "பரமுவா? அவன் முன்பல் ஆடுதுன்னு ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு நின்னான்" என்று ஆரம்பிப்பான். கேட்டவருக்குத் தலை சுற்றும். அந்தப் பல் விழுந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. அய்யாவுக்கு அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அவன் ரொட்டி மோட்டார் ஓட்டியவன். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதன் இரு பக்கமும் கம்பிக் கூடை, அதில் ரொட்டி, பன், முறுக்குப் பொட்டலம், மிட்டாய்ச் சரம் எல்லாம் தொங்கும். ரப்பர் பந்து வைத்த ஹாரனை அமுக்கிக்கொண்டே காலையிலும் மாலையிலும் பிரிக்பீல்ட்ஸில் தொடங்கிச் சாலாக் செலாத்தான் வரைக்கும் சுற்றுவான். பள்ளி விடுமுறை நாட்களில் மகன்களும் உடன் போவார்கள். பெரியவன் பின்னால், சின்னவன் முன்னால் பெட்ரோல் டாங்கின்மேல். போலீஸ்காரர் நிறுத்தினால் சின்னவன் அவருக்கு ஒரு பன் நீட்டுவான் என்றும், அதனால் அந்த வட்டாரத்துப் போலீஸ்காரர்கள் எல்லாரும் எடை கூடிப் போனார்கள் என்றும் அய்யாவு சொல்வான். எடை கூடியதென்னவோ உண்மை. காரணம்தான் தெரியவில்லை.

பரமு வாயாலேயே அந்த ஹாரன் சத்தத்தை எழுப்பக் கற்றுக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே நின்று அதை ஊதிப் பார்த்தான். மூன்றாம் மாடி பவுனம்மாள் தூக்கம் கலைந்து, பர்ஸும் கையுமாக இறங்கி வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். மோட்டாரும் இல்லை, ரொட்டியும் இல்லை, முட்டியில் புண்ணோடு ஒரு பையன் மட்டும் நிற்கிறான். "ரொட்டி எங்கடா?" என்று பவுனம்மாள் கேட்க, "அப்பா தூங்குறாரு ஆன்டி, நீங்க காசை மட்டும் கொடுங்க" என்றானாம். அய்யாவு இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். சிரித்துத்தான்.

குகனுடையது வேறு வித்தை. காயா பன்னின் உள்ளே காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் இருக்கிறதா என்று அவனுக்கு எப்போதும் சந்தேகம். ஒவ்வொரு பன்னையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பான். அய்யாவு திட்டித் திட்டி ஓய்ந்து போனான். கடைசியில் சாலாக் செலாத்தானில் ஒரு சீன அக்கா, குழி விழாத பன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். குழி விழுந்ததுதான் அசல் சரக்கு, மற்றது போலி என்று அந்தத் தெருவே நினைத்துக்கொண்டிருந்ததாம். அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி நூறு கதைகள். அத்தனைக்கும் மேலே ஒன்று இருந்தது. கல்யாண வீடு, கருமாதி வீடு, மருத்துவமனை வரிசை, எங்கே போனாலும் யாராவது ஒருவர் "அய்யாவு, அந்தப் பத்துமலைக் கதையைச் சொல்லுலா" என்று கேட்பார். அவனும் கேட்பதற்காகவே காத்திருந்தவன்போலத் தொடங்குவான்.

குகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இழுத்துக்கொண்டது. பிழைத்தால் தைப்பூசத்துக்கு மொட்டை போடுகிறேன் என்று அய்யாவு வேண்டிக்கொண்டான். அடுத்த ஆண்டு மனைவி மலரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போனான். ஆற்றங்கரையில் மொட்டை, குளியல், தலைநிறையச் சந்தனம், இடுப்பில் குட்டி மஞ்சள் வேட்டி. மலரையும், தூங்கிப்போன பரமுவையும் பஸ் நிற்கும் இடத்தில் மூட்டைகளோடு உட்கார வைத்துவிட்டு, குகனை மட்டும் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட்டு இறங்கினான். வழியில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டான். அதற்குள் உறுமி மேளத்தோடு ஒரு பெரிய காவடி வந்தது. கூட்டம் அலை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. அய்யாவு குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் நின்ற மொட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். அன்றைக்குப் பத்துமலையில் மூன்று வயது மஞ்சள் மொட்டைகள் ஆயிரம் இருந்திருக்கும்.

"பஸ்ஸுகிட்ட போனா, மலரு என்னையும் பார்க்குறா, தோளையும் பார்க்குறா. 'இது யாரு பிள்ளைங்க?'ன்னு கேட்டா. நான் சொன்னேன், 'நம்ம பிள்ளைதான். மொட்டை அடிச்சா முகம் மாறும்லா.' 'முகம் மாறும், காதுல கடுக்கன் வருமா?'ன்னா."

இங்கே கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அய்யாவு அவர்களைச் சிரிக்கவிட்டு, பிறகு நிதானமாக முடிப்பான். "திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தா, நம்ம ஆளு பந்தல்ல உட்கார்ந்து மூணாவது வடையில இருந்தான்."

கதையைக் கேட்டுப் பரமுதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். குகன் அந்த நேரம் பார்த்து ஏதாவது வேலையாக எழுந்து போவான். சின்ன வயதில் தண்ணீர் குடிக்கப் போவான். வளர்ந்த பிறகு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வெளியே போவான். நானும் கவனிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

இந்த ஆண்டு குகனுக்குக் கல்யாணம். பெண் ஜானிஸ், கிளாங்கில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மாரிஸ் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோயிலில் தாலி, தேவாலயத்தில் மோதிரம் எல்லாம் பேசி முடித்து, ஒரு சனிக்கிழமை மாலை கிளாங்கில் மண்டபம் எடுத்து விருந்து என்று வைத்தார்கள். விருந்தில் இரண்டு அப்பாக்களும் பேசவேண்டும். அய்யாவு அன்றிலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு திரிந்தான். இப்போது அவன் பரமுவின் வீட்டில், கிளாங்கிலேயே இருக்கிறான். அங்கிருந்து எனக்குத் தொலைபேசியில் ஒத்திகை பார்ப்பான். ஹாரன் கதை, கட்டைவிரல் கதை, கடைசியில் பத்துமலை. "கடைசியில வச்சாத்தான்கா மண்டபம் அதிரும்" என்பான்.

விருந்துக்கு முந்திய வாரம், துணி எடுக்க என்று குகன் எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனான். திரும்பும் வழியில் காரை அவன் ஓட்ட, அய்யாவு முன்னால், நான் பின்னால் வேட்டிப் பைகளுக்கு நடுவே. சாலையில் வண்டிகள் நகரவில்லை. அய்யாவு பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். "முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு மொட்டை" என்று வந்ததும் குகன் குறுக்கே பேசினான்.

"அப்பா, அது வேணாம்."

"எது?"

"பத்துமலை. ஜானிஸ் வீட்டு ஆளுங்க முன்னாடி அதைச் சொல்லாதீங்க. மத்தது எது வேணும்னாலும் சொல்லுங்க. பன்னை அமுக்கினது, ட்ரௌசர்ல போனது, எதுன்னாலும்."

"அதாண்டா நல்ல கதை. எல்லாரும் கேட்பாங்க."

"உங்களுக்கு அது காமெடி." அவன் குரலை உயர்த்தவில்லை. முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பரமு என்னை எத்தனை வருஷம் 'ராவாங் பையா'ன்னு கூப்பிட்டான் தெரியுமா? உண்மையான குகன் ராவாங்ல யாரோ வீட்டுல வளர்றானாம். நான் மாறி வந்தவனாம். பாத்ரூம் கண்ணாடியில நின்னு உங்க மூக்கு எனக்கு இருக்கான்னு பார்ப்பேன்."

"மூக்கு உங்க அம்மாவோடதுலா" என்றான் அய்யாவு, சிரிப்பை எதிர்பார்த்து.

"மூக்கை விடுங்கப்பா. மாறி வந்தேன்னு நான் இப்ப நம்பல. எனக்கு என்னன்னா, தோள்ல வேற பிள்ளை இருக்குது, உங்களுக்குத் தெரியல. அம்மா பார்த்துச் சொல்லணும். அம்மா அங்க நிக்கலைன்னா நீங்க பஸ் ஏறிப் போயிருப்பீங்க."

லோரி நகர்ந்தது. குகன் சிக்னல் போட்டு வளைந்தான். "சாப்பிட்டுப் போவோமா அத்தை?" என்று என்னைக் கேட்டான், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் வாழையிலைச் சாப்பாடு கேட்டேன். அய்யாவு அன்று ரசத்தோடு எழுந்துவிட்டான். அவனைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயமென்று.

இரண்டு நாள் கழித்து அவனே அழைத்தான். ஒத்திகைக்கு இல்லை.

"அக்கா, நான் பேசல. பரமு பேசட்டும்."

"நாக்குல புண்ணா?"

"இல்லக்கா."

"ஒரு கதையை விட்டுட்டு மத்ததைப் பேசேன். உன்கிட்ட கதைக்கா பஞ்சம்?"

"அன்னிக்கு நடந்தது வேறக்கா. மலருக்கே நான் சொன்னதில்ல. நாலு பேரு சிரிக்கட்டும்னு வேற மாதிரி கட்டிட்டேன். கட்டிக் கட்டி அது கெட்டியாயிடுச்சு. இப்பப் போய் நிஜத்தைச் சொன்னா, பையன் என்ன நினைப்பான்? அப்பா சமாளிக்கப் புதுசா ஒண்ணு அவிழ்த்து விடுறாருன்னுதான் நினைப்பான்."

"என்ன நடந்தது? எனக்குச் சொல்லு."

"உனக்குச் சொன்னா நீ அதுல நாலு யானையைச் சேர்த்துருவ. அவன்தான் முதல்ல கேட்கணும். கேட்டாலும் நம்பணும்ல." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

யானை விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் கவலை புரிந்தது. ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவன், பெற்ற மகன் ஒருவன் நம்பினால் போதும் என்ற இடத்துக்கு வந்து நின்றான். அவனுக்குத் தன் வாயின்மேலேயே நம்பிக்கை இல்லை.

விருந்து நாள். மண்டபத்தில் வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர், சீனப் பெருநாள் மாதிரி சிவப்பு விரிப்பு. மணப்பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பி மார்வின் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தான். முதலில் மாரிஸ் பேசினார். ஜானிஸ் நான்கு வயதில் வீட்டு நாய்க்கு உதட்டுச்சாயம் பூசி, பூசை நேரத்தில் தேவாலயத்துக்குள் அனுப்பியதைச் சொன்னார். பாதிரியாரே முன் மேசையில் இருந்தார், அவரும் சிரித்தார். அடுத்து மார்வின் அய்யாவுவை அழைத்தான்.

அய்யாவு மேடையேறினான். வந்தவர்களுக்கு நன்றி, மாரிஸ் குடும்பத்துக்கு நன்றி, சமைத்தவர்களுக்கு நன்றி. "எல்லாரும் நல்லா சாப்பிட்டுப் போங்க" என்று முடித்துவிட்டு ஒலிவாங்கியை நீட்டினான். மண்டபமே ஏமாந்தது. அவனோடு ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த கூட்டம் ஒரு மேசையில் இருந்தது. அதிலிருந்து ராஜன் எழுந்தார்.

"என்ன அண்ணே, இதுக்கா பந்திங்லேருந்து பஸ் பிடிச்சு வந்தோம்? பத்துமலையைச் சொல்லுங்க."

பரமுவும் கையைத் தட்டினான். "அப்பா, ராவாங் பையன்."

அந்த மேசை, இந்த மேசை என்று எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டது. பத்துமலை, பத்துமலை. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த குகன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தான். ஜானிஸுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மாமனாரைப் பார்த்து, "என்ன கதை மாமா? எனக்கு யாருமே சொல்லல" என்றாள்.

அய்யாவு ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினான். "அந்தக் கதை பொய், ராஜன்."

"உங்க கதை எதுண்ணே நிஜம்?" என்றார் ராஜன். கொல்லென்று சிரிப்பு.

"மத்ததுல கொஞ்சம் நிஜம் இருக்கும். இதுல சாமியும் மொட்டையும்தான் நிஜம்." அவன் கூட்டத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, மகனைப் பார்த்து நின்றான். "நீ சொல்லாதேன்னு சொன்ன கதையை நான் சொல்லமாட்டேன். வேற ஒண்ணு சொல்றேன். வேணாம்னா இப்பவே சொல்லு, இறங்கிடுறேன்."

குகன் ஜானிஸைத் திரும்பிப் பார்த்தான். ஜானிஸ்தான் "சொல்லுங்க மாமா" என்றாள்.

"உங்க அம்மா பார்த்துச் சொல்லல. பஸ்ஸுகிட்ட போறதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்படி?" என்றாள் ஜானிஸ்.

"இவன் என் தோள்ல ஏறினா சும்மா உட்காரமாட்டான்மா. ரெண்டு காதையும் பிடிச்சுக்குவான். மோட்டார் ஓட்டுறாராம். வலது காதைத் திருகினா வேகம். ரெண்டையும் பின்னால இழுத்தா பிரேக்கு. வீட்டுல பாத்ரூமுக்குப் போனாக்கூட அப்படித்தான். அன்னிக்குப் பந்தல்லேருந்து கிளம்பி நடக்குறேன். என்னமோ குறையுது. என்னன்னு தெரியல. பையைத் தொட்டுப் பார்த்தேன், பர்ஸ் இருக்கு. காலைப் பார்த்தேன், செருப்பு இருக்கு. அப்புறம்தான் உறைச்சுது. என் காது சும்மா இருக்கு."

சிலர் சிரித்தார்கள். ராஜன் சிரிக்கவில்லை.

"மேல இருந்த பிள்ளை என் நெத்தியைப் பிடிச்சிருந்துச்சு. பயந்த பிள்ளை போல. நான் நிமிர்ந்து பார்க்கல. பார்த்தா அது நிஜமாயிடும்னு பயம். அப்படியே திரும்பி ஓடினேன். பந்தல்ல இவன் இல்ல. மைக்குல காணாமப்போன பிள்ளைங்க அடையாளத்தை ஓயாம சொல்லிக்கிட்டே இருக்காங்க, மொட்டைத் தலை, மஞ்சள் வேட்டி, வயசு மூணு. அங்க எல்லாப் பிள்ளையும் அதுதான். நான் எதைன்னு சொல்றது? பேரைக் கேட்குறாங்க, வாய் வரல. காய்ச்சல்லேருந்து மீட்டுக் கொடுத்த பிள்ளையைக் கும்பிட வந்த இடத்துலயே விட்டுட்டேனேன்னு இருந்துச்சு."

அவன் ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"அப்பத்தான் ஒரு சத்தம் கேட்டுச்சு. கூட்டத்துக்கு நடுவுல ஒரு ஆம்பளை கத்துறாரு. 'டேய், காதை விடுடா, உனக்கு இன்னிக்கு என்னடா ஆச்சு'ன்னு. ஒரு பெரிய மீசைக்காரரு. அவரு தோள்ல ஒரு மொட்டை. ரெண்டு காதையும் பிடிச்சு இழு இழுன்னு இழுக்குது, பிரேக்கு போடுது. அவரு நின்னாத்தானே. என் பிள்ளை அவரை நிறுத்தப் பார்க்குறான்."

இந்த முறை மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாரிஸ் மேசையைத் தட்டினார். அய்யாவு அதிலே சேரவில்லை.

"அவரும் குனிஞ்சு, பக்கத்துல நின்ன மொட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்காரு. பாவம், அவரு மகன் அமைதியான பிள்ளை. என் தோள்ல இருந்ததைப் பார்த்துட்டு, தன் தோளைப் பார்த்தாரு. ஒருத்தர ஒருத்தர் எதுவும் கேட்டுக்கல. அவரு இவனைக் கொடுத்தாரு, நான் அவனைக் கொடுத்தேன். இவனை வாங்கிட்டுப் பந்தலுக்குப் பின்னாடி போய், மோர்ப் பானைங்க நடுவுல உட்கார்ந்து அழுதேன். இவன் என் கண்ணைத் துடைச்சு விட்டான். கை பூராச் சந்தனம். கண்ணு எரிஞ்சு இன்னும் ஊத்துச்சு. இவன் இன்னும் துடைச்சான்."

"அப்புறம் ஏண்ணே எங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்று ராஜன் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"உங்ககிட்டத்தான் மறுநாள் காலையில நிஜத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன், ராஜன். ரொட்டி ஏத்துற இடத்துல அத்தனை ஆம்பளைங்க நிக்கிறீங்க. பாதியில அழுதுடுவேன்போல இருந்துச்சு. சட்டுன்னு, பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா, கடுக்கன் கேட்டான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் அதுவே நின்னுடுச்சு."

குகன் மாலையை ஒதுக்கிவிட்டு முன்னால் குனிந்தான். பிறகு, ஒலிவாங்கி இல்லாமல், முன் மேசைகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான். "இது நிஜமாப்பா? இல்ல, நான் கார்ல சொன்னதுக்காக இந்த வாரம் கட்டினதா?"

ஆயுள் முழுக்கக் கதை விட்டவனுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கும்? அய்யாவு ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு எழுந்து சத்தியம் செய்யலாம் என்று தோன்றியது. என் சத்தியத்துக்கு எங்கள் குடும்பத்தில் என்ன மதிப்பு என்று நினைத்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மேசையிலிருந்து மலர் எழுந்தாள். என் தம்பி மனைவி நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. மேடைக்குக்கூடப் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மளிகைச் சாமான் விஷயம் பேசுகிறவள்போலச் சொன்னாள்.

"அன்னிக்கு நேரங்கழிச்சு வந்தாரு. தோள்ல நீதான் இருந்த. வேற பிள்ளையை நான் பார்க்கவே இல்ல. ஊர்ல கதையைக் கேட்டப்ப, சரி, எதுக்கோ சொல்றாரு, சொல்லிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன். ஆனா வந்தப்ப இவரு கண்ணு ரெண்டையும் சுத்திச் சந்தனம் அப்பியிருந்துச்சு. காது ரெண்டும் ரம்புத்தான் பழம் மாதிரி செவந்து கிடந்துச்சு. என்னங்கன்னு கேட்டேன். வெயிலுன்னாரு. வெயிலு காதை மட்டுமா சுடும்? வீட்டுக்குப் போய் நான்தான் தேங்காயெண்ணெய் தடவி விட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள்.

குகன் எழுந்து வந்தான். அப்பாவின் கையிலிருந்து ஒலிவாங்கியை மெல்ல வாங்கி மார்வினிடம் கொடுத்தான்.

"அப்ப அம்மா அங்க இல்லைன்னாலும்" என்று ஆரம்பித்தான்.

"உங்க அம்மா வீட்டுலயே இருந்திருந்தாலும்டா."

குகன் தலையாட்டினான். அப்பாவின் சட்டைக் காலரில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இருந்தாலும் எதையோ தட்டிவிட்டான். "வாங்க, கீழ போய்ச் சாப்பிடுங்க. ரசத்தோட எழுந்திரிக்காதீங்க." கையைப் பிடித்துப் படியிறக்கி, எங்கள் மேசையில் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தான். பரமு எங்கிருந்தோ வந்து, தம்பிக்கென்று எங்கள் மேசையில் எடுத்து வைத்திருந்த கோழித் துண்டை அப்பாவின் தட்டுக்கு மாற்றினான். "டேய், அது என்னோடது" என்றான் குகன். "ராவாங்ல போய் வாங்கிக்க" என்று பரமு சொல்ல, குகன் அவன் பின்னந்தலையில் ஒன்று வைத்தான். ஆண்பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கும் முறை அவ்வளவுதான் போலிருக்கிறது.

பிறகு மணமக்கள் மேசை மேசையாகப் போய் வந்தவர்களைக் கண்டுகொண்டார்கள். முதல் மேசையில் யாரோ சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல, குகனே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். அய்யாவு சொன்ன மாதிரியே, ஒரு சொல் மாறவில்லை. இரண்டாவது மேசையில் மீசைக்காரருக்கு உயரம் கூடியது. ஜானிஸின் பெரியம்மா பிலோமினா உட்கார்ந்திருந்த மேசைக்கு வரும்போது அந்த மீசைக்காரர் போலீஸ்காரராகிவிட்டார், சீருடையோடு. ராஜனின் மேசையில் குகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ராஜனின் காதுப் பக்கம் கொண்டுபோய் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ரொட்டிக் கம்பெனிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு காது கையோட வந்துடுச்சாம்கா" என்றான் அய்யாவு என்னிடம், கவலையோடு. "அப்படி நான் சொல்லவே இல்ல."

"நீ சாப்பிடு."

"இல்லக்கா, கேட்குறவங்க என்ன நினைப்பாங்க?"

மீன் வந்தது. மலர் முள் எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. நாற்காலியை ராஜனின் மேசைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, கழுத்தை நீட்டி, மகன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.